மருதையாறு: பெயரும் போக்கும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரைபடத்தைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது இரண்டு ஆறுகள். வடக்கே வெள்ளாறு, தெற்கே அரியலூரின் எல்லையாகக் கொள்ளிடம். இவை பேர்பெற்ற ஆறுகள். பாலங்களும் அணைகளும் தலபுராணங்களும் உடையவை. இவற்றுக்கு நடுவே, மேற்கில் பச்சைமலையில் தொடங்கித் தென்கிழக்காகச் சரிந்து கொள்ளிடத்தில் முடியும் மெல்லிய நீலக்கோடு ஒன்று இருக்கிறது. வெள்ளாறும் கொள்ளிடமும் இந்த நாட்டின் ஓரங்களைத் தொட்டுக்கொண்டு போகின்றன. நடுவே புகுந்து ஓடுவது இந்தக் கோடுதான். அதன் பெயர் மருதையாறு.

நேர்கோட்டில் அளந்தால் பச்சைமலை அடிவாரத்துக்கும் கொள்ளிடக் கரைக்கும் இடையே அறுபது எழுபது கிலோமீட்டர்தான் இருக்கும். ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் இந்த ஆற்றைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மூன்று செய்திகளாவது இருக்கின்றன. இந்திய ரயில்வே அமைச்சர் ஒருவரின் பதவி விலகலுக்குக் காரணமான விபத்து இதன் மேல்தான் நடந்தது. உலகப் புவியியலாளர்கள் நூற்றெண்பது ஆண்டுகளாகப் படித்துவரும் பாறைகளின் மேல்தான் இது ஓடுகிறது. மூன்றாவது செய்தி அதன் பெயரைப் பற்றியது. இந்த ஆறு தன் பெயரை வேறெதற்கும் கொடுத்ததில்லை என்றே சொல்லலாம். அதைச் சுற்றி நடந்தவை எல்லாம் ஊர்களின் பெயரால்தான் வரலாற்றில் பதிந்திருக்கின்றன.

ஆற்றுப் பெயர்கள் எப்படி அடுக்கடுக்காகச் சேர்கின்றன என்பதற்கு வடக்கே இருக்கும் வெள்ளாற்றையே முதலில் பார்த்துவிடலாம். பெண்ணாடத்துக்கு அருகே இதன் கரையில் திருவட்டத்துறைக் கோயில் இருக்கிறது. தேவாரம் இந்தத் தலத்தைத் திருநெல்வாயில் அரத்துறை என்றும், அதன் ஆற்றை நிவா என்றும் சொல்கிறது. இன்று நிவா என்று சொன்னால் கரையோரத்துக்காரருக்கே புரியாது. அவர்களுக்கு அது வெள்ளாறு. அதன் மேற்பகுதிக்குப் போனால் பெயர் மறுபடி மாறுகிறது. கல்வராயன் மலைப் பக்கமிருந்து ஆத்தூர் வழியாக வரும் கிளை வசிட்ட நதி. பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கில் தம்மம்பட்டி, கெங்கவல்லி வழியாக வரும் கிளை சுவேத நதி. சுவேதம் என்றால் வெண்மை. வெள்ளாறு என்ற பெயரை யாரோ வடமொழியில் பெயர்த்து ஒரு கிளைக்கு மட்டும் சூட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் கிளைக்கு ஒரு முனிவர் கிடைத்தார். ஒரே நீர்வழிக்குத் தேவாரப் பெயர், மக்கள் வழக்கு, சமஸ்கிருதப் பெயர் என மூன்று அடுக்குகள். போதாததற்குப் புதுக்கோட்டைப் பக்கம் இன்னொரு வெள்ளாறு. சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லையாக இலக்கியங்களில் வருவது அந்தத் தெற்கு வெள்ளாறு.

கொள்ளிடத்துக்குத் தெற்கே போனால் பெயர்களில் வேறு வாசனை. முடிகொண்டான், வீரசோழன், கீர்த்திமான் என்று சோழ அரசர்களின் பட்டப்பெயர்களே ஆறுகளாக ஓடுகின்றன. வெட்டியவர் அல்லது வெட்டச் சொன்னவர் பெயர் நீரோடு சேர்ந்துவிட்டது. அரசலாற்றின் கதை சுவையானது. தேவாரத்தில் அது அரிசில். மக்களின் நாவில் அரிசில் அரசலாகி, ஏதோ அரசனோடு உறவுள்ள பெயர்போல ஒலிக்கத் தொடங்கியது. பொருள் மறைந்த பழம்பெயருக்குப் புதுப்பொருள் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது மக்களின் இயல்பு.

பச்சைமலையைச் சுற்றிய நாட்டில் இந்த அலங்காரங்கள் குறைவு. கல் நிறைந்தது கல்லாறு, சிறியது சின்னாறு, உவர்ப்பு நிலத்தின் வழி வருவது உப்பாறு. விசுவக்குடியில் அணை கட்டப்பட்டிருப்பது கல்லாற்றின் குறுக்கே. எறையூர் அருகே நீர்த்தேக்கம் இருப்பது சின்னாற்றில். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் பெயர்கள். மருதையாறும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்பது என் எண்ணம். ஆனால் அதன் நடுவில் இருக்கும் ஐகாரம் அவ்வளவு எளிதாக விடுவதாக இல்லை.

முதலில் போக்கைச் சொல்லிவிடுகிறேன். பச்சைமலையின் கிழக்குச் சரிவில் விழும் மழை ஓடைகளாக இறங்கி, பெரம்பலூர் நகருக்குத் தென்மேற்கே ஆறாக உருக்கொள்கிறது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையைக் கடந்து கிழக்கே திரும்பி, ஆலத்தூர் வட்டத்தின் கரிசல் காடுகளுக்குள் நுழைகிறது. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் மண் இது. தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் பெரம்பலூர் முன்னணி மாவட்டம் என்றால், அதற்குக் காரணம் ஆறு அன்று. வடகிழக்குப் பருவமழையும் கிணறுகளும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கரிசலும்தான். பிறகு கொட்டரை, ஆதனூர் ஊர்களுக்கு இடையே போய் அரியலூர் மாவட்டத்துக்குள் இறங்குகிறது. அரியலூர் நகருக்குத் தெற்கே ரயில்பாதையையும், அதற்கப்பால் தஞ்சாவூர்ச் சாலையையும் கடந்து, கடைசியில் வைப்பூர் அருகே கொள்ளிடத்தின் வடகரையில் கலக்கிறது.

இந்த ஆற்றின் குணம் மண்ணிலிருந்து வருகிறது. கரிசல் களிமண் முதல் மழையைக் குடிக்கும். வெடிப்புகள் மூடிக்கொண்டபின் ஒரு சொட்டும் உள்ளே விடாது. மலையில் ஒரே இரவில் கொட்டினால் அந்த நீர் அத்தனையும் மேற்பரப்பிலேயே உருண்டு வரும். ஆகவே மருதையாற்றில் நடுத்தர நிலை என்பது கிடையாது. வறண்டு கிடக்கும், அல்லது பெருகி வரும். ‘மருதையாத்துல தண்ணி வருது’ என்று இங்கே சொன்னால் அது செய்தி; ‘காவிரியில தண்ணி வருது’ என்பதுபோல ஒரு பருவத்தின் அறிவிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. கீழ்ப்பகுதியில் இன்னொரு சிக்கல். கொள்ளிடம் கரைபுரளும் நாட்களில் சிறிய ஆற்றின் நீர் வடிய இடமில்லாமல் பின்வாங்கி வயல்களுக்குள் நிற்கும்.

இனிப் பெயருக்கு வரலாம்.

மருதை என்பதற்கு முதலில் நினைவுக்கு வருவது மருத மரம். வெளுத்த, பட்டை உரியும் அடிமரமும் ஐந்து சிறகுள்ள காயும் கொண்டது. தமிழ்நாட்டு ஆற்றங்கரைகளின் இயல்பான மரம். வயலுக்கும் வயல் சார்ந்த நிலத்துக்கும் மருதம் என்று பெயர் வந்ததே இதனால்தான் என்பர். மருதம் எங்கே நின்றதோ அங்கே ஊருக்கும் துறைக்கும் அதன் பெயர் ஒட்டிக்கொண்டது. கொள்ளிடத்துக்குத் தெற்கே காவிரிப் பக்கம் திருவிடைமருதூர். அங்கே தலமரம் மருது. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர். வடக்கே ஸ்ரீசைலத்தின் மல்லிகார்ச்சுனத்தையும் சேர்த்துத் தலை, இடை, புடை என மூன்று மருதூர்களைச் சைவர்கள் வரிசைப்படுத்துவார்கள். அர்ச்சுனம் என்பது இதே மரத்தின் வடமொழிப் பெயர். வையையின் கரையில் மருதந்துறை ஒன்று இருந்ததைச் சங்கப் பாடல்களும் சொல்கின்றன.

மரமும் துறையும் சேர்ந்து பெயராவது இந்த ஆற்றின் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. அரியலூருக்குத் தெற்கே கீழப்பழுவூரில் உள்ள பாடல் பெற்ற கோயிலின் இறைவன் ஆலந்துறையார். ஆலமரம் நின்ற துறை அது. பழுவூர் என்ற பெயரும் மரத்தோடு சேர்ந்ததுதான். பழு என்றால் ஆல். பழுவேட்டரையர்கள் என்ற சிற்றரசர்கள் பத்தாம் நூற்றாண்டில் சோழர்களுக்கு உறவும் துணையுமாக இருந்த ஊர். இப்படி ஆலும் துறையுமாக ஊர்ப்பெயர் அமைந்த நாட்டில், பக்கத்தில் ஓடும் ஆறு மருதின் பெயரைப் பெற்றதில் வியப்பில்லை.

சரி, மரத்தின் பெயர் என்றால் மருதாறு என்று அல்லவா வந்திருக்க வேண்டும்? கல்லாறு, உப்பாறு, பாலாறு எல்லாம் அப்படித்தானே அமைந்திருக்கின்றன? இங்கே ஏன் மருதை?

இதற்கு இரண்டு வழிகளில் விடை தேடலாம். ஒன்று, மருதை என்பது மதுரை. எழுத்துகள் இடம் மாறி நிற்பது தமிழில் பழகிய செய்தி. தசையும் சதையும், சிவிறியும் விசிறியும் அப்படித்தான். கிராமத்து வாயில் மதுரை மருதையானது. குதிரை குருதையானது. அழகர்மலைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் ‘மதிரை’ என்று பொறித்திருக்கிறது. நாட்டார் பாடல்களிலும் பேச்சிலும் மருதை என்றே வருகிறது. பெரம்பலூரில் மதுரைக்கு என்ன வேலை என்று கேட்டால், அதற்கும் பதில் உண்டு. பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் இருக்கிறது. திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் கோயில். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகியே இங்கே காளியாக அமர்ந்தாள் என்பது தலக்கதை. ஏற்கெனவே அங்கிருந்த செல்லியம்மன் அவளுக்கு இடம் கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள் என்றும் கதை தொடர்கிறது. மதுரையிலிருந்து வந்த தெய்வத்தின் நாட்டில் ஓடும் ஆறு, மதுரையின் நாட்டுப்புறப் பெயரைத் தாங்கியிருக்கலாம் அல்லவா?

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. தெய்வத்தைச் சொல்லும்போது அதே மக்கள் மதுரகாளி என்கிறார்கள். மருதைகாளி என்று சொல்வதில்லை. ஒரே நாவில் ஒரே ஊரின் பெயர் கோயிலுக்கு ஒரு மாதிரியும் ஆற்றுக்கு வேறு மாதிரியும் திரிவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். தவிர, கதை வந்தபின் ஆற்றுக்குப் பெயர் வந்தது என்றால் அதற்கு முன் இந்த ஆறு பெயரில்லாமலா ஓடியது? ஆற்றுப் பெயர்கள் பொதுவாக ஊர்ப் பெயர்களைவிடப் பழையவை. அரிசில்போல பொருள் மறைந்த பெயர்களைப் பிற்காலத்துக் கதைகள் தம் பக்கம் இழுத்துக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது.

இரண்டாவது வழி எனக்குக் கூடுதலாக ஏற்புடையது. தமிழகத்தின் பழைய ஆற்றுப் பெயர்களில் ஐகார ஈறு அடிக்கடி வருகிறது. வையை, பொருநை, ஆன்பொருநை. இவை ‘ஆறு’ என்ற சொல் தேவைப்படாத பெயர்கள். பெயரே ஆற்றைக் குறித்தது. பிற்காலத்தில் பெயரின் பொருள் மங்கியபோது, விளக்கமாக ஆறு என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டோம். வைகை ஆறு என்று இன்று பள்ளிப் புத்தகத்தில் எழுதுவதுபோல. மருதையும் அப்படி ஒரு பெயராக இருக்கலாம்: மருது நிறைந்த ஆறு என்ற பொருளில் முதலில் வெறும் மருதை, பின்னர் மருதையாறு. இன்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ‘மருதையார் ரிவர்’ என்று இன்னோர் ஆற்றையும் சேர்த்துவிட்டார்கள். இதற்குக் கல்வெட்டுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேசவில்லை. பெயரின் உருவத்திலிருந்து எடுத்த முடிவு இது. மதுரைக் கதையைவிட இதில் இட்டுக்கட்டல் குறைவு.

ஆறு என்ற சொல்லையே ஆற்றின் மேல் மறுபடி ஏற்றுவது நமக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. இங்கிலாந்தில் ஏவன் என்ற பெயரில் பல ஆறுகள் உண்டு. ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர் அவற்றில் ஒன்றின் கரையில்தான். அந்த நாட்டின் பழைய கெல்டிய மொழியில் ஏவன் என்றாலே ஆறு. சாக்சன்கள் வந்து இது என்ன என்று கேட்டிருக்க வேண்டும். ஆறு என்று பதில் கிடைத்திருக்கும். அதையே பெயர் என்று நினைத்து ‘ஆறு ஆறு’ என்று வழங்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் ஆற்றுப் பெயர்களை எல்லாம் திரட்டி ஆராய்ந்து 1928-இல் நூலாக்கியவர் எய்லர்ட் எக்வால் என்ற ஸ்வீடன் நாட்டவர். அவருடைய துறையில் அடிக்கடி எதிர்ப்படும் இன்னொரு வகை, ஊரிலிருந்து பின்னோக்கிப் பிறந்த பெயர்கள். சசெக்ஸ் பகுதியின் ஆருண் ஆறு முன்பு டாரன்ட். ஆருண்டெல் என்ற ஊர் ஆருண் கரையில் இருப்பதால்தான் அந்தப் பெயர் பெற்றிருக்கும் என்று யாரோ ஊகிக்க, ஆற்றுக்கு அந்தப் பெயரே நிலைத்தது. பக்கத்து அடூர் ஆற்றின் பெயர் வந்த விதம் இன்னும் வேடிக்கை. ரோமானியத் துறைமுகம் ஒன்றின் இருப்பிடத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் தவறாகக் கணித்து, அந்தத் துறைமுகத்தின் பெயரிலிருந்து ஆற்றுக்குப் பெயர் எடுத்தார்கள். கவிஞர் மைக்கேல் டிரேட்டன் அதைத் தன் நூலில் சேர்த்தார். இன்று அரசு வரைபடத்திலும் அடூர்தான்.

நம் பக்கம் இந்தத் தலைகீழ் நடக்கவில்லை. இங்கே ஊர்கள் ஆற்றிடமிருந்தும் வாங்கவில்லை, ஆற்றுக்குக் கொடுக்கவும் இல்லை. மருதை தனியாகவே இருந்தது. ஆனால் ஆற்றுப்படுகையில் என்ன கிடைத்தாலும், என்ன நடந்தாலும், அதற்கு ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள்.

பாறைகளில் தொடங்கலாம். மருதையாறு தன் வழியில் பெரும்பாதியைப் பழங்காலக் கடலின் தரையில்தான் ஓடுகிறது. கிரிட்டேசியஸ் காலம் என்று சொல்லப்படும் யுகத்தில், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, டைனோசர்கள் அழியும் காலம் வரை, கடல் இந்தப் பக்கம் உள்ளே வருவதும் வெளியேறுவதுமாக இருந்தது. 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் இங்கிருந்து சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் 1862-இல் இந்தப் பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயரிட்டார். அதே துறையின் ஸ்டோலிச்கா பத்தாண்டுகள் உழைத்து இந்தத் தொல்லுயிர்களை வகைப்படுத்தினார். அரியலூர் என்ற பெயர் உலகப் புவியியல் நூல்களில் ஏறியது அப்போதுதான். சிமென்ட் வரப் பல பதிற்றாண்டுகள் இருந்தன.

1970-களில் அரியலூர்த் தொகுதியை இன்னும் நுணுக்கமாக நான்காகப் பிரித்தார்கள். சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில், கல்லமேடு. நான்கும் அரியலூரைச் சுற்றிய சிற்றூர்கள். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற கல்லங்குறிச்சி, புவியியலாளருக்குப் பெரிய கடற்சிப்பிகள் கெட்டித்துக் கிடக்கும் சுண்ணாம்புப் பாறை. அந்தச் சிப்பிப் பாறைதான் அரியலூரின் சிமென்ட் ஆலைகளுக்கு இரை. அரசின் டான்செம் ஆலை 1979-இல் வந்தது, தனியார் ஆலைகள் தொடர்ந்தன. கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைப் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் விவரித்து, புருகத்காயோசாரஸ் என்ற பெரும் டைனோசராக அறிவித்தார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தழையுண்ணி என்று கருத்து மாறியது. அதற்குள் எலும்புகள் சிதைந்து போய்விட்டதால் இப்போது வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டுதான் சண்டை. பெயர் மிஞ்சியது, எலும்பு மிஞ்சவில்லை.

பெயர்ச் சண்டை என்றதும் இந்த ரயில்பாதையில் சற்றுத் தெற்கே இருக்கும் கல்லக்குடியைச் சொல்லாமல் நகர முடியாது. சிமென்ட் ஆலை வந்தபின் அந்த ரயில் நிலையத்துக்கு டால்மியாபுரம் என்று பெயரிட்டிருந்தார்கள். பழைய பெயரைத் திரும்பக் கேட்டு 1953 ஜூலை 15 அன்று தி.மு.க.வினர் மு. கருணாநிதி தலைமையில் தண்டவாளத்தில் படுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் போனது. பிற்பாடு நிலையத்துக்குக் கல்லக்குடி என்ற பெயர் திரும்பியது. ஆனால் ஊட்டத்தூர்த் தொகுதியின் பாறைப் படிவம் ஒன்றுக்குப் புவியியலாளர்கள் டால்மியாபுரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலகின் எந்தப் பல்கலைக்கழகத்தில் தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் பற்றிப் படித்தாலும் அந்தப் பெயர் வரும். தண்டவாளத்திலிருந்து அகற்றிய பெயர் பாறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாறைப் பெயரை மாற்றக் கோரி யாரும் போராடியதாகத் தெரியவில்லை.

ஆலத்தூர் வட்டத்தின் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று ஓடைக் கரையில் கிடக்கிறது. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குத் தெரிவித்தார். சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை சொல்லப்படும் அந்த மரம் அங்கேயே வளர்ந்தது அன்று. மேற்கேயிருந்த மேட்டு நிலத்தில் வளர்ந்து, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, கடலோரச் சேற்றில் புதைந்து கல்லாகியிருக்கிறது. அப்படியானால் அன்றும் மேற்கிலிருந்து கிழக்கே ஓர் ஆறு ஓடியிருக்கிறது. பெயர் வைக்க ஆள் இல்லாத காலத்து ஆறு.

பாறைக்குக் கிடைக்காத ஆற்றின் பெயர் விபத்துக்கும் கிடைக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் குறுக்குப் பாதை 1920-களின் இறுதியில் போடப்பட்டது. மீட்டர் கேஜ் பாதை. 1956 நவம்பர் 22 இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கிளம்பியது. மழை பல நாட்களாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பெண்ணாடம் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தை ரயில் கடந்தது. அகலமான ஆறு, பெரிய பாலம், ஒன்றும் ஆகவில்லை. அரியலூரைத் தாண்டிக் கல்லகம் நிலையத்துக்குப் போகும் வழியில், 23-ஆம் தேதி விடியற்காலை, மருதையாற்றுப் பாலத்தில் ஏறியபோது அது நொறுங்கியது. எஞ்சினும் அதையடுத்த பெட்டிகளும் வெள்ளத்துக்குள் போயின. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பெரிய ஆறுகளுக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். அவற்றின் வெள்ள அளவுகளைக் குறித்து வைக்கிறார்கள், தூண்களை ஆழமாக இறக்குகிறார்கள். ஆண்டில் பத்துப் பதினைந்து நாள் மட்டும் ஓடும் ஆற்றை யார் அளந்துகொண்டிருந்தார்கள்? கரிசல் நிலத்தில் ஓரிரவு மழை என்ன செய்யும் என்பது கரையோர உழவருக்குத் தெரியும். அந்த அறிவு ரயில்பாதையின் கணக்குப் புத்தகத்துக்குள் போவதற்கு வழி இருக்கவில்லை. விபத்தில் ஆற்றின் பங்கைவிட, ஆறு என்று அதை ஒரு பொருட்டாக எண்ணாததன் பங்கே பெரிது என்று நினைக்கிறேன்.

லால் பகதூர் சாஸ்திரி அப்போது ரயில்வே அமைச்சர். சில மாதங்களுக்கு முன்புதான் மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து பெரிய விபத்து நடந்திருந்தது. அப்போதும் அவர் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி விலகல் கடிதம் கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார்; தவறுக்கு அவர் பொறுப்பு என்பதால் அன்றி, அரசியலில் ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாக விளக்கினார். அமைச்சுப் பொறுப்பு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது அந்த விலகல். துணை அமைச்சர் ஓ.வி. அழகேசனுக்கு வேறு விதமான புகழ் வாய்த்தது. 1957 தேர்தலில் தி.மு.க. மேடைகள் அவரை ‘அரியலூர் அழகேசர்’ என்றே அழைத்தன. செங்கற்பட்டுத் தொகுதிக்காரருக்கு அரியலூர் அடைமொழியாகிவிட்டது. மோனைக்கு அரியலூர் பொருந்தி வந்தது. மருதை பொருந்தவில்லை போலும். நாடு முழுவதும் அது அரியலூர் விபத்து. ஆற்றின் பெயர் ரயில்வே அறிக்கைகளிலும் உள்ளூர் நினைவிலும் மட்டும் தங்கியது. அரியலூர் தனி மாவட்டமாக இரண்டாம் முறையும் நிலையாகவும் பிரிந்தது 2007-இல். தேதி அதே நவம்பர் 23. தற்செயல்தான். ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் மறக்காமல் சுட்டிக்காட்டக்கூடிய தற்செயல்.

மருதையாற்று நீரைப் பிடித்து வைக்கும் முயற்சிக்கும் இதே நிலைதான். கொட்டரைக்கும் ஆதனூருக்கும் இடையே ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டும் வேலை 2010-களில் தொடங்கியது. செலவு நூறு கோடி ரூபாயைத் தாண்டியது. கோப்புகளில் மருதையாறு நீர்த்தேக்கம் என்று இருந்தாலும் மக்கள் வாயில் அது கொட்டரை அணை. நிலம் கொடுத்தவர்கள், நிலம் போனவர்கள், பாசனம் கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள் அனைவரும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள். அணை வேண்டுமா என்ற கேள்விக்குள் இங்கே நான் போகவில்லை. ஆனால் மலையிலிருந்து ஒரே வேகத்தில் வந்து இரண்டு நாளில் கொள்ளிடத்துக்குள் போய்விடும் நீரை நிறுத்த ஏதாவது வேண்டும் என்பதை ஆலத்தூர்க் கிணறுகளைப் பார்த்தவர் மறுக்க மாட்டார்.

அரியலூர் மாவட்டத்துக்கு வரும் வேறொரு நீர்வழி எப்படி நடத்தப்படுகிறது என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். முக்கொம்புக்கு மேற்கே வாத்தலையில் காவிரியிலிருந்து பிரியும் புள்ளம்பாடி வாய்க்கால் நூறு கிலோமீட்டருக்கு நெருக்கமான தூரம் ஓடி, 22,114 ஏக்கருக்குப் பாசனம் தருவதாக ஒவ்வோர் ஆண்டும் அரசாணையில் அச்சாகிறது. கரைவெட்டி ஏரியை நிரப்புவதும் இந்தக் காவிரி நீர்தான். 1999-இல் பறவைகள் காப்பிடமான கரைவெட்டி, 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலமாக உலகப் பட்டியலில் ஏறியது. வாய்க்காலுக்குத் திறக்கும் தேதி, மூடும் தேதி, எத்தனை நாள், எத்தனை கன அடி எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. பக்கத்தில் இயற்கையாக ஓடும் ஆற்றுக்குத் திறப்புத் தேதி கிடையாது. மழை பெய்தால் வரும்.

அரியலூரிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் போகும்போது வாரணவாசி என்ற ஊர் வருகிறது. தமிழக அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் அங்கேதான். காசியின் பெயரைத் தூக்கிவந்து ஊருக்கு வைத்தவர்கள் பக்கத்து ஆற்றுக்குக் கங்கை என்று பெயர் வைக்கவில்லை என்பதை நான் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்கிறேன். சுவேத நதிக்கும் வசிட்ட நதிக்கும் நேர்ந்தது இதற்கு நேரவில்லை.

வைப்பூருக்குக் கீழே மருதையாறு கொள்ளிடம் ஆகிவிடுகிறது. அந்த நீர் அணைக்கரைக் கீழணையில் தேங்கி, வடவாற்றில் திரும்பி, வீராணம் ஏரிக்குப் போகிறது. வீரநாராயணன் என்ற முதலாம் பராந்தகனின் பட்டப்பெயர் சுருங்கி வீராணம் ஆனது. 2004-இல் அந்த ஏரியிலிருந்து சென்னைக்குக் குழாய் போட்டார்கள். வடகிழக்குப் பருவமழை பச்சைமலையில் நன்றாக விழுந்த ஆண்டுகளில் மருதையாற்று நீரிலும் ஒரு பங்கு அந்தக் குழாய்க்குள் போகும். சென்னையில் அதற்கு வீராணம் தண்ணீர் என்று பெயர்.